ஐந்நூறு மரக்கட்டைகள்



சென்ற மே மாத விடுமுறையில் நம் நகரைச் சேர்ந்த நான்கைந்து பிள்ளைகள் ரிஷிகேஷ் போய் கங்கையில் ரப்பர் படகு விட்டுவிட்டு வந்ததை நம் வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பீர்கள். தலையில் ஹெல்மெட், மார்பில் மிதவைச் சட்டை, வாய் நிறையத் தண்ணீரும் சிரிப்பும். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அவர்களில் ஒரு தம்பி மாலை நடையின்போது பூங்கா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த முறை அருணாசலப் பிரதேசத்துக்குப் போய் சியாங் ஆற்றில் இறங்கப் போவதாகச் சொன்னார். சியாங் என்றதும் எனக்கு ஒரு மனிதர் ஞாபகம் வந்துவிட்டார். அவர் அந்த ஆற்றில் படகு விட்டவர் அல்ல. அந்த ஆறு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கப் போய், நான்கு வருஷம் கழித்து வீடு திரும்பியவர். பெயர் கிந்துப். இமயமலை ஆராய்ச்சி பற்றிப் படிப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த பெயர். நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாததால் இந்த இதழில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ஆற்றைச் சொல்லிவிடுகிறேன். நம் அமராவதி ஆனைமலைப் பக்கம் பிறந்து, தாராபுரம், கரூர் தாண்டி, திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. சந்தேகம் இருந்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். திபெத்தில் ஓடும் சாங்போ ஆற்றுக்கு இப்படி ஒரு வசதி கிடையாது. அது இமயமலைக்கு வடக்கே, மேற்கிலிருந்து கிழக்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சாதுவாக ஓடுகிறது. அப்புறம் நம்சா பர்வா, கியாலா பெரி என்ற இரண்டு சிகரங்களுக்கு நடுவே புகுந்து காணாமல் போய்விடுகிறது. முதல் சிகரம் 7,782 மீட்டர், இரண்டாவது 7,294 மீட்டர். மலைக்குத் தெற்கே அசாம் சமவெளியில் பல ஆறுகள் இறங்கி வருகின்றன. உள்ளே போன ஆறு இவற்றில் எதுவாக வெளியே வருகிறது? 150 வருஷத்துக்கு முன்னால் இதற்கு யாரிடமும் சரியான பதில் இல்லை. பர்மாவில் வேலை பார்த்த ராபர்ட் கார்டன் என்ற பொறியாளர், அது பர்மாவின் ஐராவதி ஆறுதான் என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

இன்னொரு புதிரும் இருந்தது. ஆறு மலைக்குள் நுழையும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். அந்தச் சிகரத்தைவிட உயரமான இடத்தில் ஓடும் ஆறு, பிரம்மபுத்திராவாக வெளியே வருவதானால், பாசிகாட் அருகே வெறும் 150 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். இடையில் உலகத்திலேயே பெரிய அருவி ஒன்று ஒளிந்திருக்கும் என்று லண்டன் வரைக்கும் கணக்குப் போட்டார்கள். திபெத்துக்குள் வெள்ளைக்காரர்களுக்கு அனுமதி கிடையாது. மலைக்குத் தெற்கே வாழ்ந்த ஆதி இன மக்களை (அப்போது அபோர் என்பார்கள்) மீறி ஆற்றோடு மேலே ஏறவும் முடியாது. ஆக, இரண்டு வாசலும் சாத்திக் கிடந்தன.

நில அளவைத் துறை என்றால் அது எங்கோ டேராடூன் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 1802-ல் நம் சென்னைப் பரங்கிமலை அருகேதான் லாம்டன் சங்கிலியைப் போட்டு முதல் கோட்டை அளந்தார். அவருடைய அளவை நம் கொங்கு நாட்டின் வழியாகவும் போயிருக்கிறது. அந்த வேலை வடக்கே வளர்ந்து இமயமலை அடிவாரத்தில் முட்டி நின்றபோது, மேற்கொண்டு போக உள்ளூர் ஆட்களைத் தயார் செய்தார்கள். இவர்களுக்குப் பண்டிதர்கள் என்று பெயர். குமாவூன் மலைக்காரரான நைன்சிங் இவர்களில் பிரபலமானவர். யாத்திரீகர் வேஷத்தில் போவார்கள். ஜபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணி இருக்கும். 100 காலடிக்கு ஒரு மணி தள்ளுவார்கள். கையில் சுற்றும் பிரார்த்தனை உருளைக்குள் மந்திரச் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் அளவைக் குறிப்புகள் இருக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்து இடத்தின் உயரத்தைக் கணக்கிடுவார்கள். பிடிபட்டால் உயிர் மிஞ்சாது.

கிந்துப் அந்த வரிசையிலும் கடைசி ஆள். சிக்கிம்காரர். டார்ஜிலிங்கில் தையல் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. 1878-79-ல் நேம் சிங் என்பவருக்குத் துணையாகப் போய், ஆறு மலைக்குள் நுழையும் கியாலா என்ற ஊர் வரை பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆவணங்களில் அவருக்கு ‘கே.பி.’ என்ற இரண்டெழுத்துதான் பெயர்.

1880-ல் ஹென்ரி ஹர்மன் என்ற அதிகாரி இவரை மறுபடியும் அனுப்பினார். ஹர்மன் இதற்கு முன்பே அசாமில் இறங்கும் ஆறுகளின் நீரளவைக் கணக்கெடுத்தவர். அப்போது திஹாங் என்று அழைத்த இன்றைய சியாங்கில்தான் தண்ணீர் அதிகம் வருகிறது, எனவே அதுதான் சாங்போ என்று அவர் நம்பினார். ஆனால் நம்பிக்கையை எந்தப் பதிவேட்டிலும் வரவு வைக்க முடியாதே. அதற்கு அவர் செய்த ஏற்பாட்டை நீங்களும் நானும் சின்ன வயதில் பி.ஏ.பி. வாய்க்காலில் செய்திருக்கிறோம். ஒரு பாலத்தில் தேங்காய்த் தொட்டியைப் போட்டுவிட்டு அடுத்த பாலத்துக்கு ஓடிப்போய்ப் பார்ப்போமே, அதேதான். ஆற்றோடு நடந்து அசாமுக்கு வர முடிந்தால் வரவேண்டும். முடியாவிட்டால், அடையாளக் குழாய் பொருத்திய 500 மரக்கட்டைகளை ஒரு நாளைக்கு 50 வீதம் திபெத்தில் ஆற்றில் விடவேண்டும். கீழே அசாமில் ஆள் நிறுத்தி அவற்றைப் பிடிப்பது ஹர்மனின் பொறுப்பு.

கிந்துப்புக்கு எழுத்து தெரியாததால் படித்த ஒரு லாமாவைத் தலைவராகப் போட்டார்கள். கிந்துப் அவருடைய வேலைக்காரராக நடிக்கவேண்டும். அந்த லாமா அரசாங்கப் பணத்தை வழியெல்லாம் செலவு செய்தார். ஒரு கிராமத்தில் தங்கின வீட்டுக்காரரின் மனைவியோடு பழக்கம் வைத்துக்கொண்டு, நான்கு மாதம் அங்கேயே கிடந்தார். விஷயம் வெளியே வந்ததும் 25 ரூபாய் அபராதம் கட்டி அவரை மீட்டது கிந்துப்தான்.

1881-ல் இருவரும் கியாலாவைத் தாண்டி, பெமகோசுங் என்ற சின்ன மடம் வரை போனார்கள். அதற்கு மேல் பாதையே இல்லை. நம் பிள்ளைகளுக்காக இந்த இடத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஒகேனக்கல்லில் பரிசலில் போகும்போது இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்புமே, அதை மனதில் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். அங்கே ஆற்றுக்குக் கரை என்று ஒன்று பல இடங்களில் கிடையாது. தண்ணீரிலிருந்து நேராக மலை. பாறையைத் தாண்டி விழும் தண்ணீர் அடியில் திரும்பி மேல்நோக்கிச் சுழலும். அதில் அகப்பட்ட படகு கீழேயும் போகாது, வெளியேயும் வராது. சாதாரண ஆற்றில் முன்னால் ஆபத்து என்று தெரிந்தால் கரையேறிப் படகைத் தலையில் தூக்கி நடந்து தாண்டிவிடலாம். இங்கே கரையேற இடமும் இல்லை, அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் முடியாது. 1993-ல் ஒரு ஜப்பானியத் துடுப்புப் படகு வீரர் இந்தப் பகுதியில் மூழ்கி இறந்தார். 1998 அக்டோபரில் டக் கார்டன் என்ற தேர்ந்த அமெரிக்க வீரர், எதிர்பார்த்ததைவிட வெள்ளம் மிக அதிகமாக இருந்த நிலையில் இறங்கி அடித்துச் செல்லப்பட்டார். உடல் கிடைக்கவில்லை. 2002-ல் ஸ்காட் லிண்ட்கிரன் தலைமையில் ஏழு பேர், தண்ணீர் குறைந்த குளிர்காலமாகப் பார்த்து, மேல் பகுதியைப் படகில் கடந்தார்கள். அவர்களும் நடுவில் ஆற்றை விட்டு, படகுகளோடு பனிக் கணவாய் ஏறித்தான் மறுபக்கம் போனார்கள். செயற்கைக்கோள் படமும், பிளாஸ்டிக் படகும், நூறாண்டு அனுபவமும் இருந்து இந்த நிலைமை. கிந்துப்பிடம் இருந்தது இரண்டு கால்.

வேறு வழி இல்லாமல் ஆற்றைச் சுற்றிக்கொண்டு போனபோது, 1881 மே மாதம் தொங்யுக் என்ற கோட்டை ஊரில் லாமா அவரை விட்டுவிட்டு ஒரு குதிரையோடு கிளம்பினார். திரும்பி வந்துவிடுவார் என்று கிந்துப் காத்திருந்தார். பிறகுதான் தெரிந்தது, கோட்டைத் தலைவரிடம் தன்னை அடிமையாக விற்று, விலையாகத்தான் அந்தக் குதிரையை வாங்கிப் போயிருக்கிறார் என்று. லாமா அதற்கப்புறம் இந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை.

பத்து மாதம் அங்கே அடிமை வேலை. 1882 மார்ச்சில் தப்பினார். இங்கேதான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தப்பியவர் எந்தப் பக்கம் ஓடியிருக்க வேண்டும், சொல்லுங்கள். மேற்கே லாசா, அங்கிருந்து டார்ஜிலிங், வீடு. அப்படி வந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தலைவன் விற்றுவிட்டுப் போனபின் வேலைக்காரனுக்கு என்ன கடமை மிச்சம்? ஆனால் கிந்துப் கிழக்கே ஆற்றைப் பார்த்துப் போனார். விட்ட இடத்திலிருந்து ஆற்றோடு கீழே இறங்கினார்.

மார்பங் என்ற மடத்தருகே வரும்போது கோட்டைத் தலைவரின் ஆட்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கிந்துப் ஓடிப்போய் மடத்துத் தலைமைத் துறவியின் காலில் விழுந்து நடந்ததைச் சொன்னார். அவர் 50 ரூபாய் கொடுத்துக் கிந்துப்பை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார் என்றால் விடுதலை என்று அர்த்தம் அல்ல. எஜமானர் மாறினார், அவ்வளவுதான்.

நாலரை மாதம் வேலை செய்தபின், புண்ணியத் தலம் ஒன்றுக்குப் போய் வர லீவு கேட்டார். பக்தியுள்ள ஆள் என்று துறவியும் விட்டார். கிந்துப் போனது ஆற்றோரக் காட்டுக்கு. அங்கே ஒரு அடி நீளத்தில் ஒரே மாதிரியாக 500 கட்டைகளை வெட்டினார். யாரும் வராத ஒரு குகையில் அடுக்கி வைத்துவிட்டு மடத்துக்குத் திரும்பிவிட்டார். ஏன் அப்போதே ஆற்றில் விடவில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். கட்டைகளைப் போடுவதாகச் சொல்லியிருந்த காலம் கடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கீழே யார் காத்திருப்பார்கள்? முன்கூட்டியே தேதி சொல்லாமல் விட்டால் ஐந்நூறும் வீண்.

ஆகவே இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ஒரு யாத்திரை லீவு. இந்த முறை லாசா வரை நடந்தார். அங்கே தன் ஊர்ப் பக்கத்து சிக்கிம்காரர் ஒருவரைப் பிடித்து, டார்ஜிலிங்கில் இருந்த நேம் சிங்குக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். லாமா தன்னை விற்றுவிட்டதையும், 500 கட்டைகள் தயாராக இருப்பதையும், அடுத்து வரும் திபெத்திய ஆண்டின் பத்தாம் மாதம் 5-ம் தேதி முதல் பீபங் என்ற இடத்திலிருந்து தினம் 50 வீதம் விடப் போவதையும் ஹர்மன் துரைக்குத் தெரிவிக்கும்படி கேட்டிருந்தார். டார்ஜிலிங் பக்கம் போகிறவர்களிடம் கடிதத்தைச் சேர்ப்பித்தார். பிறகு அங்கிருந்து வீட்டுக்கு நடக்காமல், திரும்பவும் மார்பங் மடத்துக்கு அடிமை வேலைக்கு நடந்தார். இரண்டாவது தடவையாகக் கையில் கிடைத்த வீட்டு வழியை விட்டார்.

இன்னும் ஒன்பது மாதம் போனது. அடிக்கடி யாத்திரை போகும் இந்த ஆளின் பக்தியைப் பார்த்து மனம் இரங்கிய துறவி கடைசியில் விடுதலையே கொடுத்துவிட்டார். கிந்துப் ஒரு மாதம் அங்கேயே துணி தைத்துக் கொஞ்சம் காசும் உப்பும் சேர்த்துக்கொண்டு பீபங்குக்குப் போனார். கட்டைகளில் மூங்கில் நாரால் குழாய்களைக் கட்டினார். சொன்ன தேதியில் தொடங்கி, தினம் 50 வீதம், பத்து நாளில் 500 கட்டைகளையும் ஆற்றில் விட்டார். 1883-ம் வருஷக் கடைசி அது. ஒன்று கூடக் குறையவில்லை.

கட்டைகள் சியாங்கில் இறங்கி, பிரம்மபுத்திராவில் சேர்ந்து, வங்காள விரிகுடாவுக்குப் போயிருக்க வேண்டும். பார்க்க ஆள் இல்லை. கடிதம் சேர வேண்டிய கைக்குச் சேரவில்லை. ஹர்மன் மலைப் பனியில் உடம்பைக் கெடுத்துக்கொண்டு இந்தியாவை விட்டே போய்விட்டார். கட்டைகள் தண்ணீரில் விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இத்தாலியில் இறந்தும் போயிருந்தார்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் குமாஸ்தாவாக இருந்த ஒரு கிராமக் கிளையில், கறவை மாட்டுக் கடன் வாங்கியிருந்த ஒரு விவசாயியின் மாடு இறந்துவிட்டது. இன்சூரன்ஸ் கேட்க வேண்டுமானால் மாட்டின் காது வில்லையை உடனே ஒப்படைக்க வேண்டும். அவரும் அறுத்து, கவரில் போட்டு, தனக்குக் கடன் கொடுத்த அதிகாரியின் பெயரை எழுதி, யாரோ ஊருக்கு வந்தவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அந்த அதிகாரி மாறுதலாகிப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. கவரை வாங்கி, அனுப்பி வைக்கலாம் என்று என் மேசை டிராயரில் போட்டவன் நான். அரையாண்டுக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் மறந்தே போனேன். டிராயரைச் சுத்தம் செய்யும்போது கைக்கு வந்தது. பிரித்தால் ஒரு பித்தளை வில்லையும் நாலு வரிக் கடிதமும். கெடு தாண்டிவிட்டது. அவர் இல்லாத மாட்டுக்குக் கடைசித் தவணை வரை கட்டினார். கவுண்டரில் பணம் வாங்கி ரசீது போட்டுக் கொடுத்தவனும் நான்தான். அவரிடம் அதைச் சொன்னதில்லை. கிந்துப்பின் கடிதம் எந்த மேசையில், யார் டிராயரில் கிடந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் அந்த வில்லை என் கண் முன்னால் வந்துவிடுகிறது.

கட்டைகளை விட்ட பிறகும் அவர் சும்மா திரும்பவில்லை. ஆற்றோடு அசாமுக்கே போய்விடலாம் என்று கீழே இறங்கினார். ஆங்கிலேயர் எல்லைக்கு இன்னும் சில நாள் நடை தூரமே இருந்த நிலையில், வழியில் இருந்த மக்கள் அதற்கு மேல் விடவில்லை. மறுபடியும் மலையேறி, லாசா சுற்றி, 1884 நவம்பரில் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். போய் நான்கு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வரவேற்க யாரும் இல்லை. எழுதத் தெரியாதவர் என்பதால் கையில் ஒரு குறிப்பும் கிடையாது. இரண்டு வருஷம் கழித்துத்தான் அவர் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்ள, இன்னொரு மொழிக்குப் போய், 1889-ல் அறிக்கையாக அச்சானது. அதில் ஒரு பிழை புகுந்துவிட்டது. கியாலாவில் ஒரு சின்ன ஓடை உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. பெமகோசுங் அருகே சாங்போவே சுமார் 30 அடி விழுகிறது. இரண்டையும் கலந்து, சாங்போ 150 அடி அருவியாக விழுவதாக எழுதிவிட்டார்கள். அந்த 150 அடியை உலகம் பிடித்துக்கொண்டது. மற்றதைச் சந்தேகப்பட்டது. தையற்காரர் சொல்வதை நம்பி வரைபடம் போடுவதா என்று பல பெரியவர்கள் உதடு பிதுக்கினார்கள். கிந்துப் ஊசியும் நூலுமாகத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

முப்பது வருஷம் போனது. 1913-ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் தெற்கே இருந்து மலையேறி, கிந்துப் போன பாதையில் பெரும்பகுதியை நடந்தார்கள். எந்த ஊருக்குப் பின் எந்த ஊர், எங்கே மடம், எங்கே கயிற்றுப் பாலம் என்று அவர் சொன்ன வரிசை அப்படியே இருந்தது. பெமகோசுங் அருகே அருவியும் இருந்தது, சுமார் 30 அடி. திரும்பி வந்த பெய்லி, கிந்துப் உயிரோடு இருக்கிறார் என்று அறிந்து, அவரைத் தேடி சிம்லாவுக்கு வரவழைத்தார். அப்போதுதான் 150 அடி விஷயம் தெளிவானது. அப்படி ஒன்றைத் தான் சொல்லவே இல்லை என்று கிந்துப் விளக்கினார். தன் பெயரில் என்ன அச்சாகியிருக்கிறது என்று அவருக்கு யாரும் படித்துக் காட்டியிருக்கவில்லை போலும்.

பெய்லி நல்ல மனிதர். இந்தக் கிழவருக்கு ஒரு சிறு பென்ஷன் கொடுங்கள் என்று அரசாங்கத்திடம் மன்றாடினார். பென்ஷன் என்றால் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது, ஆள் 90 வயது வரை இருந்துவிட்டால் என்ன செய்வது என்று மேலே கணக்குப் பார்த்தார்கள். மொத்தமாக 1,000 ரூபாய் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். மாதம் பிறந்தால் பென்ஷன் வரவு குறுஞ்செய்திக்குக் காத்திருக்கும் நம்மில் பலருக்கு அந்த ஃபைலின் நோட் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று நன்றாகவே தெரியும். அதில் தவறு எதுவும் இருந்திருக்காது.

கிந்துப் பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். கொஞ்ச காலத்திலேயே இறந்துபோனார்.

சியாங் போகத் திட்டமிடும் பிள்ளைகளுக்கு: அங்கே படகு விட ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ரிஷிகேஷ் மாதிரி மே மாதம் அல்ல. எல்லையோரம் டூட்டிங்கில் இறங்கினால் பல நாள் பயணத்தில் பாசிகாட் வந்து சேரலாம். தண்ணீர் கனமும் வேகமும் அதிகம். ரிஷிகேஷில் நன்றாகப் பழகினவர்கள்கூட, நல்ல வழிகாட்டிக் குழு இல்லாமல் இறங்க வேண்டாம். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கிந்துப்பின் கட்டைகளும் நவம்பர் வாக்கில் அந்தத் தண்ணீரில்தான் டூட்டிங்கைத் தாண்டியிருக்கும்.